தகுதி எத்தனை அடி?

எங்கள் தெருவில் 'கேடி' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். போலீஸ் ஸ்டேஷன் நோட்டில் பேர் ஏறியவன் ஒரு கேடி. கோல்ஃப் மைதானத்தில் மெம்பர்களுடைய மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர்கள் பின்னால் நடக்கிறவன் இன்னொரு கேடி. என் சித்தப்பா இரண்டாவது வகை. ஆனால் மைதானத்துக் கேட்டில் நின்ற வாட்ச்மேனுக்கு இந்த வித்தியாசம் புரிந்ததே இல்லை. வேலை முடிந்து வெளியே வரும்போது பந்து எதையாவது கொண்டுபோகிறாரோ என்று தினமும் மடியைத் தடவிப் பார்த்துத்தான் விடுவான்.

தகுதியைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். தகுதி, திறமை என்ற சொற்கள் காதில் விழுந்தாலே யாரோ நம்மை வெளியே நிறுத்தப் பார்க்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளப் பழகிய தலைமுறை என்னுடையது. அந்தச் சொற்களைப் பற்றிப் புத்தகத்தில் படித்ததைவிட அந்த மைதானத்தில் தெரிந்துகொண்டது அதிகம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1982இல் எனக்கு 12 வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பாவோடு போய் நானும் பை தூக்குவேன். திங்கட்கிழமை மைதானத்துக்கு விடுமுறை. அன்றைக்குக் கேடிகள் ஆடிக்கொள்ளலாம் என்று ஒரு வழக்கம் இருந்தது. வழக்கம்தான், எந்த நோட்டிலும் எழுதி வைக்கப்படவில்லை. புல்லுக்கு மருந்தடித்தாலோ செக்ரட்டரிக்கு மனசு சரியில்லை என்றாலோ அந்தத் திங்கள் போய்விடும்.

சித்தப்பாவிடம் இருந்தவை ஆறு மட்டைகள். எல்லாம் மெம்பர்கள் கழித்துப் போட்டவை. விதிப்படி ஒரு ஆட்டக்காரர் 14 மட்டை வரைக்கும் வைத்துக்கொள்ளலாம். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது எங்கள் தாத்தா, "உச்சவரம்பு நமக்கெதுக்கு, கீழ்வரம்புன்னு ஒண்ணு போடச் சொல்லு" என்றாராம். மட்டை விஷயமும் அதுதான். பந்துகள், குளத்தில் முங்கி நான் எடுத்துக் கொடுத்தவை.

இப்படி ஆடிய மனுஷன் 18 குழிகளை 73, 74 அடிகளில் முடிப்பார். அந்த மைதானத்தின் 'பார்' 72. நன்றாக ஆடத் தெரிந்தவருக்கு இத்தனை அடி போதும் என்று வைத்திருக்கும் கணக்கு அது. மெம்பர்களில் பாதிப் பேர் நூறைத் தாண்டுகிறவர்கள். காற்று எந்தப் பக்கம், எந்த மட்டையை எடுக்கணும், குழிகிட்டே போனதும் பந்து எப்படி வளையும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் சித்தப்பா. நல்ல அடி விழுந்தால் அது சாருடைய அடி. தப்பிப்போனால், "என்ன மட்டைடா குடுத்தே" என்று இவருக்குத் திட்டு.

1986இல் ஒரு மெம்பர், நல்ல மனுஷர் என்றே சொல்ல வேண்டும், பணம் கட்டி சித்தப்பாவைத் தொழில்முறை ஆட்டக்காரர் ஆவதற்கான தேர்வுக்கு அனுப்பினார். வெளியூரில் இரண்டு நாள் தேர்வு. 36 குழி. இத்தனை அடிக்குள் முடித்தால் தேர்ச்சி. சித்தப்பா நாலு அடியில் தோற்றுத் திரும்பினார்.

அந்த மெம்பர் ஆறுதலாகத்தான் சொன்னார்: "வருத்தப்படாதேப்பா. இதிலே சாதி கிடையாது, சிபாரிசு கிடையாது. சுத்தமான மெரிட். அடுத்த வருஷம் நல்லா ஆடு."

அடுத்த வருஷம் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. சித்தப்பா மறுபடி தேர்வுக்குப் போகவில்லை. அந்த நாலு அடி யாருடையது என்ற கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

கேள்வியை நேர்மையாகக் கேட்க வேண்டுமானால், அந்த அளவுகோல் எவ்வளவு சுத்தமானது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்கத் தொழில்முறைக் கோல்ஃப் சங்கமான பி.ஜி.ஏ. நீண்ட காலம் நடத்திய ஆட்டத்திறன் தேர்வின் கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு மைதானத்துக்கும் அதன் கடினத்தைப் பொறுத்து ஒரு மதிப்பீட்டு எண் உண்டு. அதை இரட்டிப்பாக்கி 15ஐக் கூட்ட வேண்டும். மதிப்பீடு 72 என்றால் 144, அதோடு 15, ஆக 159. ஒரே நாளில் 36 குழிகளை 159 அடிக்குள் முடித்தால் தேர்ச்சி. இது சங்க உறுப்பினராகி, மைதானங்களில் ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போவதற்கான தகுதி மட்டும். பெரிய பரிசுப் போட்டிகளில் ஆடும் உரிமைக்கு இன்னும் கடுமையான தகுதிச் சுற்றை 1965இல் ஆரம்பித்தார்கள். முதல் வருஷம் அதில் அட்டை வாங்கியவர்கள் 17 பேர்தான்.

இதில் நேர்முகத் தேர்வு கிடையாது. அப்பன் பேரை யாரும் கேட்பதில்லை. விடைத்தாளில் கையைப் பார்த்து மார்க் போடலாம், இன்டர்வியூவில் நிறத்தைப் பார்க்கலாம், தெருப் பேரைக் கேட்கலாம். இங்கே பந்து குழிக்குள் விழ எத்தனை அடி என்பது ஒன்றுதான் கணக்கு. தகுதி வாதம் மிகப் பலமாக நிற்கிற இடம் இது. பலவீனமான இடத்தில் அதை அடித்து வீழ்த்துவதால் நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அதனால்தான் இந்த விளையாட்டை எடுத்துக்கொண்டேன்.

1990 ஆகஸ்ட் 7ஆம் தேதி மண்டல் பரிந்துரையை அமல்படுத்தப் போவதாக வி.பி.சிங் அறிவித்தார். வடக்கே மேல்சாதி மாணவர்கள் தெருவில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக் காட்டினார்கள், துடைப்பம் எடுத்துப் பெருக்கிக் காட்டினார்கள். தகுதி செத்துப்போனால் எங்கள் கதி இதுதான் என்பது அதன் பொருள். எங்கள் வீட்டில் அது கதியாக இல்லை, காலை ஆறு மணி வேலையாக இருந்தது. மண்டல் பிற்படுத்தப்பட்டோருக்கானது. ஆனாலும் விழுந்த வசவில் நமக்கும் பங்கு கிடைத்தது.

நான் அப்போது கல்லூரியில் இருந்தேன். விடுதிக் கூட்டத்தில் எழுந்து, தகுதி என்பதே மேல்சாதிக் கட்டுக்கதை, அளவுகோல்கள் அத்தனையும் மோசடி, எல்லாவற்றையும் உடைத்தெறிய வேண்டும் என்று பேசினேன். நல்ல கைதட்டல். ஊருக்கு வந்து சித்தப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் பீடியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"அப்ப நான் அடிச்ச எழுபத்திமூணும் மோசடியாடா?"

என்னிடம் பதில் இல்லை. அந்த மனுஷனிடம் இருந்த ஒரே சொத்து அந்த எண். என் புரட்சியில் முதலில் போனது அதுவாக இருந்தது.

பிறகு அமெரிக்கக் கறுப்பர்களின் கோல்ஃப் வரலாற்றைப் படித்தபோது சித்தப்பா கேட்டது இன்னும் நன்றாக விளங்கியது. பி.ஜி.ஏ. 1934இல் தன் சட்ட விதியில் வெள்ளை இனத்தவர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று எழுதி வைத்தது. 1948 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டியில் பில் ஸ்பில்லர், டெட் ரோட்ஸ் என்ற இரண்டு கறுப்பர்கள் முதல் 60 இடங்களுக்குள் முடித்தார்கள். அப்படி முடித்தவர்கள் ரிச்மண்ட் நகரத்துப் போட்டியில் நேரடியாக ஆடலாம் என்பது ஏற்பாடு. இருவரும் அங்கே போய்ப் பயிற்சி ஆட்டமும் ஆடினார்கள். அதற்குப் பிறகு, நீங்கள் ஆட முடியாது என்று சொல்லப்பட்டது.

ஸ்பில்லர் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவர். ரயில் நிலையத்தில் போர்ட்டராக மூட்டை தூக்கியவர். அவரும் ரோட்ஸும் வழக்குப் போட்டார்கள். இனிமேல் பாகுபாடு காட்டமாட்டோம் என்று பி.ஜி.ஏ. வாக்குக் கொடுத்து வழக்கை நீதிமன்றத்துக்கு வெளியே முடித்தது. வாக்கு காப்பாற்றப்பட்ட விதத்தைக் கேளுங்கள். போட்டிகளுக்கு 'அழைப்புப் போட்டி' என்று பேரை மாற்றினார்கள். அழைப்பு வந்தவர் மட்டும் ஆடலாம். கறுப்பர்களுக்கு அழைப்பு வராது. கடைசியில் கலிஃபோர்னியா மாநில அட்டர்னி ஜெனரல் ஸ்டான்லி மாஸ்க் கொடுத்த நெருக்கடியில் 1961 நவம்பரில்தான் அந்த விதி நீக்கப்பட்டது. அதற்குள் ஸ்பில்லரின் ஆட்ட வயது முடிந்துபோயிருந்தது.

இதில் அளவுகோல் என்ன செய்தது, வாசல் என்ன செய்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்பில்லரை வெளியே தள்ளியது அளவுகோல் இல்லை. அவர் எடுத்த அடிகளின் எண்ணிக்கை அவர் பக்கம்தான் நின்றது. 'முதல் 60க்குள் வந்தேன்' என்ற அந்த எண் இல்லையென்றால், ஆடத் தெரியாதவன் புலம்புகிறான் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். அளவுகோல் சுத்தமாக இருந்ததால்தான் வாசலில் நடந்த அயோக்கியத்தனம் பச்சையாகத் தெரிந்தது. வாசல்காரர்களும் அதைப் புரிந்துகொண்டார்கள். அதனால்தான் எண்ணை எடுத்துவிட்டு அழைப்பைக் கொண்டுவந்தார்கள். மேல்சாதிக்காரனுக்கு மெரிட்டின் மேல் இருக்கிற பக்தியும் இப்படித்தான். எண் தன் பக்கம் இருக்கிற வரைக்கும் எண். நம் பக்கம் சாய்ந்துவிட்டால் பாரம்பரியம், பண்பாடு, 'நம்ம மாதிரி ஆளுங்க' என்று பேச்சு மாறிவிடும்.

கேடியாக இருந்து வந்த சார்லி சிஃபோர்ட் 1967இல் ஹார்ட்ஃபோர்டிலும் 1969இல் லாஸ் ஏஞ்சல்ஸிலும் ஜெயித்தார். அகஸ்டா நகரத்து மாஸ்டர்ஸ் போட்டிக்கு அவரை ஒருமுறைகூட அழைக்கவில்லை. அங்கே முதன்முதலாக ஆடிய கறுப்பர் லீ எல்டர். அது 1975இல். ஆனால் அதே மைதானத்தில் பை தூக்கியவர்கள் அத்தனை பேரும் கறுப்பர்கள். 1982 வரைக்கும் எந்த ஆட்டக்காரரும் அந்த கிளப்பின் கேடியைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். புல்லைத் தொட்டால் தீட்டில்லை, மட்டையைத் துடைத்தால் தீட்டில்லை, தன் பேரில் ஒரு பந்தை அடித்தால்தான் தீட்டு. இது நமக்குப் புதிய கதையா? கோயிலுக்குக் கல் சுமந்தவன் கோயிலுக்கு உள்ளே போகக் கூடாது என்ற அதே கதை.

மண்டல் அறிவிப்பு வந்த அதே வாரத்தில், 1990 ஆகஸ்ட் 9 முதல் 12 வரை, அலபாமா மாநிலத்து ஷோல் கிரீக் கிளப்பில் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் நடந்தது. கறுப்பர்களை உறுப்பினராகச் சேர்க்கமாட்டோம் என்று அந்த கிளப்பை நிறுவியவர் பத்திரிகைக்குச் சொல்லிவிட, பெரிய கம்பெனிகள் விளம்பரத்தைத் திரும்ப வாங்கின. அவசர அவசரமாக ஒரு கறுப்பரை கௌரவ உறுப்பினராக்கினார்கள். விதியை நீக்கி 29 வருஷம் ஆன பிறகும் வாசல் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தது.

தென்னாப்பிரிக்காவின் பாப்வா செவ்கோலத்தையும் சொல்ல வேண்டும். டர்பன் நகரத்து இந்தியர். எழுதப் படிக்கத் தெரியாது. சின்ன வயதிலேயே கேடி. மட்டையைப் பிடிக்க அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தானாகப் பிடித்தார். வலது கை ஆட்டக்காரர்கள் வலது கையைக் கீழே வைத்துப் பிடிப்பார்கள். இவர் இடது கையைக் கீழே வைத்தார். எந்தப் பயிற்சியாளரும் பார்த்தவுடன் தப்பு என்று சொல்லும் பிடி. அந்தத் தப்பான பிடியோடு 1959, 1960, 1964 என மூன்று முறை டச்சு ஓப்பனை ஜெயித்தார். 1963இல் டர்பனில் நேட்டால் ஓப்பனை ஜெயித்தபோது வெள்ளையர்கள் கிளப் கட்டடத்துக்குள்ளே இருக்க, இவர் வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். 1965இல் கேரி பிளேயரையே தோற்கடித்து அதே கோப்பையை மறுபடி வாங்கினார். அடுத்து நிறவெறி அரசு அவரைப் போட்டிகளிலிருந்தே தடை செய்தது. அளவுகோல் அவரிடம் எத்தனை அடி என்று மட்டும் கேட்டது. எப்படிப் பிடித்தாய், எங்கே படித்தாய், யார் வீட்டுப் பையன் என்று கேட்டதெல்லாம் வாசல்.

சித்தப்பாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். "இடது கை கீழேயா?" என்று எழுந்து நின்று துடைப்பத்தை அப்படிப் பிடித்துப் பார்த்தார்.

இனி எதிர்த் தரப்பின் கேள்விக்கு வருகிறேன். சரி, வாசலைத் திறந்துவிடலாம், அதற்காக அடியைக் குறைக்க முடியுமா, சலுகை கொடுத்தால் ஆட்டத்தின் தரம் என்ன ஆகும் என்று கேட்கிறார்கள்.

இதைக் கேட்கிற கனவான்கள் ஞாயிற்றுக்கிழமை எப்படி ஆடுகிறார்கள் என்று பார்த்தவன் நான். கோல்ஃபில் 'ஹேண்டிகேப்' என்று ஒன்று உண்டு. ஒருவர் வழக்கமாக எவ்வளவு மோசமாக ஆடுவார் என்று கணக்குப் பார்த்து அவர் அடியிலிருந்து அத்தனையைக் கழித்துவிடுவார்கள். 100 அடித்தவருக்கு 28 கழிவு இருந்தால் அவர் 72 அடித்த மாதிரி. 2020இல் வந்த உலகப் பொதுக் கணக்குப்படி அதிகபட்சம் 54 வரைக்கும் போகலாம். ஒரு குழிக்கு மூன்று அடி சலுகை! பலமானவனும் பலவீனமானவனும் ஒன்றாக ஆட வேண்டும் என்பதற்காக வைத்திருக்கும் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். அதை வாங்கிக்கொள்ள எந்த மெம்பரும் கூச்சப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்த எண்ணைக் கொடுப்பது கிளப். கிளப்பில் இடமில்லாதவனுக்கு எண்ணும் இல்லை. 110 அடிக்கிற சாருக்கு எண் இருந்தது. 73 அடித்த சித்தப்பாவுக்கு இல்லை.

'அது பொழுதுபோக்கு. தொழில்முறை ஆட்டத்தில் கழிவு கிடையாது. டாக்டர் வேலையும் எஞ்சினியர் வேலையும் தொழில்முறை' என்று அவர்கள் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இட ஒதுக்கீடு எங்கே வேலை செய்கிறது? கல்லூரியில் சேருகிற இடத்தில். சேர்ந்த பிறகு எம்.பி.பி.எஸ். தேர்வில் எல்லோருக்கும் ஒரே பாஸ் மார்க். கடைசியில் அடிக்க வேண்டிய அடி எல்லோருக்கும் ஒன்றுதான். நாம் கேட்பது பந்து குழிக்குள் விழாமலே விழுந்ததாக எழுதிக்கொள்ளச் சொல்வது இல்லை. வாரத்தில் ஒரு திங்கள், அதுவும் செக்ரட்டரியின் மனசைப் பொறுத்து என்று இருப்பதை மாற்றச் சொல்கிறோம்.

அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் இதைத் தெளிவாகப் பிரித்து வைத்தார். ஒரு மனிதனின் ஆற்றல் மூன்றிலிருந்து வருகிறது: உடல்வழி வருவது, சமூகமும் பெற்றோரும் கொடுத்து வருவது, அவனே முயன்று சேர்ப்பது. முயற்சிக்கு ஏற்பப் பலன் வேறுபடலாம். முதல் இரண்டில் உள்ள ஏற்றத்தாழ்வை வைத்துப் போட்டி நடத்தினால் பிறப்பும் படிப்பும் சொத்தும் உள்ளவனே எப்போதும் ஜெயிப்பான். அதை மனிதனின் திறமையைத் தேர்ந்தெடுப்பதாகச் சொல்ல முடியாது என்பது அவர் வாதம்.

சித்தப்பா அம்பேத்கரைப் படித்ததில்லை. ஆனால் பல வருஷம் கழித்து ஒருநாள், அந்த நாலு அடி எங்கே போனது என்று நான் கேட்டபோது விரலை மடக்கி எண்ணினார்.

"ஒண்ணு, ஏழாவது குழி. அந்தத் தூரத்துக்கு வேண்டிய மட்டை எங்கிட்ட இல்ல. பெரிய மட்டையை எடுத்துப் பாதி வேகத்துல அடிச்சேன். மண்ணுக்குள்ள போச்சு. ஒண்ணு, குழிக்கிட்ட இருக்கிற புல்லு. நம்ம ஊர்ல அந்த வேகம் கிடையாது. பந்து ஓடிட்டே போச்சு. ஒண்ணு, கூட ஆடுன பையன் மண்ணுல இருந்து அடிச்சிட்டுப் போனான். நான் பழக்கதோசத்துல போய் அவன் மிதிச்ச மண்ணை வாரியால இழுத்துச் சமப்படுத்திட்டு வந்தேன். வந்து என் பந்தை அடிச்சேன், தப்பிடுச்சு."

"நாலாவது?"

"அது என் தப்புடா. அவசரப்பட்டுட்டேன்."

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது முழுக்க அந்தப் பதிலில் இருக்கிறது. நாலில் ஒன்றை அவர் தயங்காமல் தன் கணக்கில் எழுதிக்கொண்டார். மிச்சம் மூன்றில் இல்லாத மட்டை ஒன்று, தொட்டறியாத புல் ஒன்று, தலைமுறையாகக் கையில் ஏறிய அடிமைப் பழக்கம் ஒன்று. ஆனால் அட்டையில் எல்லாம் ஒரே மாதிரி அடியாகத்தான் விழுந்தது. எண் பொய் சொல்லாது, உண்மைதான். ஆனால் தனக்குள் என்ன கலந்திருக்கிறது என்பதையும் அது சொல்லாது. அதைச் சொல்ல மனுஷன் வேண்டும். 'சுத்தமான மெரிட்' என்று சொன்ன மெம்பர் நாலையும் சித்தப்பாவின் கணக்கில் எழுதினார். விடுதிக் கூட்டத்தில் நான் நாலையும் சமூகத்தின் கணக்கில் எழுதினேன். இரண்டு பேருமே அவரிடம் கேட்கவில்லை.

தன் தவறைத் தன்னுடையது என்று சொல்லும் உரிமையும் மனித கௌரவத்தில் சேர்ந்ததுதான். நம்மை வெறும் பாதிக்கப்பட்டவர்களாக மட்டுமே காட்டுகிற பேச்சு அந்த உரிமையையும் சேர்த்துப் பறித்துவிடுகிறது. நம் இயக்கத் தோழர்கள் இதை யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓப்பனை ஜெயித்தார். அதை ஜெயித்த முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர். 1993இல் மறுபடி ஜெயித்தார். பெங்களூரில் பை தூக்கிய சின்னசாமி முனியப்பா 2009இல் ஜெயித்தார். 'பார், திறமை இருந்தால் கேடியும் ஜெயிக்கலாம்' என்று இவர்களைக் காட்டுகிறார்கள். எனக்கு அது வேறு மாதிரி கேட்கிறது. திங்கட்கிழமைகளில் இவ்வளவு ஆட்டம் மதிலுக்குள் இருந்திருக்கிறது, எத்தனை பேருடையது அங்கேயே புல்லில் போயிருக்கும்!

சித்தப்பா 2011இல் இறந்தார். அவருடைய தகரப் பெட்டியில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய ஸ்கோர் அட்டைகள் இருந்தன. மெம்பர்கள் வீசிவிட்டுப் போன அட்டைகளில், அவர்கள் எழுதாமல் விட்ட பக்கத்தில், தன் திங்கட்கிழமைக் கணக்கை எழுதி வைத்திருந்தார். 73. 74. 76. ஒன்றில் 71. கோல்ஃப் விதிப்படி ஆடியவன் கையெழுத்து மட்டும் போதாது. கூட நின்று எண்ணியவனும் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஆட்டம் செல்லாது.

அந்த இடத்தில் கோணல்மாணலாக ஒரு கையெழுத்து. 12 வயதில் நான் போட்டது. நான்தான் கூட நின்று எண்ணினேன்.